ஐடா பி. வெல்ஸ்: வின்செஸ்டர் துப்பாக்கியும் ஷெரீஃபின் பதவியும்

1892ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், 29 வயதான பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தமக்கென ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அவருடைய நெருங்கிய நண்பரையும் அந்நண்பரின் கூட்டாளிகள் இருவரையும் வெள்ளையர் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றிருந்தது. அதைப் பற்றித் தாம் எழுதப்போவது உறுதி என்பதால் கும்பலின் அடுத்த இலக்கு தாமே என்பதையும் அவர் அறிந்திருந்தார். உயிர் போகும் நிலை வந்தாலும் தாக்க வருவோரில் ஒருவரையேனும் வீழ்த்திவிட்டே போவது என்று முடிவு செய்துகொண்டார். அதே ஆண்டின் இறுதியில் வெளியான தம் சிறுநூலில் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கறுப்பினத்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும் வின்செஸ்டர் ரைபிளுக்கு மதிப்பான இடம் தரப்பட வேண்டும் என்றும், சட்டம் தர மறுக்கும் பாதுகாப்பை அதைக் கொண்டு பெற வேண்டும் என்றும் எழுதினார்.

ஐடா பி. வெல்ஸின் வாழ்க்கையில் அதிகம் எடுத்தாளப்படும் செய்தி இதுவே. மிகவும் திரிக்கப்படுவதும் இதுவே. துப்பாக்கி விற்பனைக்கு எவ்விதக் கட்டுப்பாடும் கூடாது என்போர் இந்த ஒரு கருத்தை மட்டும் பிடுங்கிக்கொள்கின்றனர். அவரை அறவழிப் போராளியாக மட்டும் காண விரும்புவோர் இதை மறைத்துவிடுகின்றனர். ஒரு வழக்கறிஞராக இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டும் பிழையாகவே தெரிகின்றன. வன்முறையின் மீதுள்ள விருப்பத்தால் அவர் அதை எழுதவில்லை. நீதிமன்றம், காவல், சிறை ஆகிய மூன்றும் ஒருவருக்கு எதிராகத் திரும்பிய பின் சட்டப்படி அவரிடம் எஞ்சியிருப்பது என்ன என்ற கேள்விக்கு, அந்த மூன்றையும் நேரில் பட்டறிந்த ஒருவர் கண்ட விடை அது.

1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமைப் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார் ஐடா. தந்தை ஜேம்ஸ் வெல்ஸ் தச்சர். தாய் எலிசபெத் சமையல் வேலை செய்தவர். விடுதலைக்குப் பிறகும் தந்தை தம் பழைய எசமானரின் பட்டறையிலேயே கூலிக்கு வேலை செய்து வந்தார். தேர்தல் வந்தபோது எசமானர் சொன்ன கட்சிக்கு வாக்களிக்க மறுத்தார். வாக்களித்துவிட்டுத் திரும்பியபோது பட்டறை பூட்டப்பட்டிருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் கடைத்தெருவுக்குப் போய்ப் புதிய உளிகளும் இழைப்புளிகளும் வாங்கி, வாடகைக்கு வேறு வீடு பார்த்துக் குடும்பத்தோடு குடியேறிவிட்டார். ஐடா தம் வாழ்க்கை வரலாற்றில் பெருமிதத்தோடு நினைவுகூரும் நிகழ்ச்சி இது.

அவர் பிறந்த மாநிலத்தில் 1865ஆம் ஆண்டின் கறுப்பினச் சட்டத் தொகுப்பு ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உள்ளூர் அதிகாரிகளின் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த அதே ஆண்டில் முதலில் பறிக்கப்பட்ட பொருள்களுள் துப்பாக்கியும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வருவன எல்லாம் இதன் தொடர்ச்சியே.

1878இல் மஞ்சள் காய்ச்சல் பரவிப் பெற்றோரையும் கைக்குழந்தையான தம்பியையும் கொண்டுபோனது. ஐடாவுக்கு அப்போது வயது 16. எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்துவிட உறவினரும் நண்பர்களும் முடிவு செய்தபோது அவர் மறுத்தார். கிராமப் பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். சில ஆண்டுகளில் மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கேதான் அவர் முதன்முதலாக நீதிமன்றத்தின் படியேறினார். ரயிலில் பெண்களுக்கான முதல் வகுப்புப் பெட்டியில் சீட்டு வாங்கி அமர்ந்திருந்தவரைப் புகைப்பிடிப்போர் பெட்டிக்குப் போகுமாறு நடத்துநர் கட்டளையிட்டார். மறுத்தவரைக் கையைப் பிடித்து இழுத்தார். ஐடா அவர் கையைக் கடித்தார். மேலும் ஆட்களைக் கூட்டி வந்து அவரைப் பெட்டியிலிருந்து அப்புறப்படுத்தினர். பயணிகள் சிலர் கைதட்டினர். அவர் ரயில்வே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1884இல் கீழமை நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக மாற்றியது. வசதியான இருக்கை பெறுவது அவருடைய நோக்கமன்று, வழக்குப் போட்டுத் தொல்லை தருவதே நோக்கம் என்று கருதிய நீதிபதிகள், செலவுத்தொகையையும் அவர் மீதே சுமத்தினர். உரிமை கேட்பவரின் உள்நோக்கத்தை விசாரணைக்கு உட்படுத்தும் இந்த உத்தி நமக்கும் புதிதல்ல. வன்கொடுமை வழக்குகளில் எதிர்த்தரப்பின் முதல் வாதம் இன்றும் இதுதான்.

1889இல் மெம்பிஸில் ஒரு வார இதழின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து எழுதியதால் 1891இல் ஆசிரியப் பணி பறிபோனது. முழுநேரப் பத்திரிகையாளரானார்.

இனி மெம்பிஸின் மளிகைக் கடைக்கு வருவோம். நகரின் எல்லையில், டிராம் பாதை வளைந்து திரும்பும் இடத்தில், கறுப்பினத்தவர் சிலர் கூட்டாகச் சேர்ந்து மக்கள் மளிகை என்ற பெயரில் ஒரு கடை தொடங்கினர். அதன் தலைவர் தாமஸ் மோஸ் அஞ்சல்காரர். பகலில் கடிதங்களைக் கொடுத்துவிட்டு இரவில் கடையைப் பார்த்துக்கொள்வார். அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய். அதுவரை அந்தப் பகுதியின் வியாபாரம் முழுவதும் பேரட் என்ற வெள்ளைக் கடைக்காரரின் கையில் இருந்தது. 1892 மார்ச் தொடக்கத்தில் சிறுவர்கள் கோலி விளையாடிய இடத்தில் எழுந்த சண்டை, பெரியவர்களின் சண்டையாகி, வழக்காகி, கடையைத் தாக்க வருகிறார்கள் என்ற செய்தியாக வளர்ந்தது. கடைக்காரர்கள் வழக்கறிஞரிடம் போய்க் கேட்டனர். நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் காவல்துறையின் பாதுகாப்பு கிடைக்காது, தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளலாம் என்பதே கிடைத்த ஆலோசனை. கடையின் பின்புறத்தில் ஆயுதம் தாங்கிய சிலரைக் காவலுக்கு வைத்தனர்.

மார்ச் 5, சனிக்கிழமை இரவு, சாதாரண உடையில் துப்பாக்கிகளுடன் வெள்ளையர் சிலர் பின்வழியாகக் கடைக்குள் நுழைந்தனர். உள்ளிருந்தோர் சுட்டனர். மூவர் காயமடைந்தனர். வந்தவர்கள் ஷெரீஃபின் துணைக் காவலர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 99க்கான விளக்கமும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 37க்கான விளக்கமும் ஒன்றையே சொல்கின்றன: வந்தவர் பொது ஊழியர் என்று அறிந்திருந்தாலோ நம்பக் காரணம் இருந்தாலோ ஒழிய, ஒருவரின் தற்காப்புரிமை பறிபோவதில்லை. இரவில் வேறு உடையில் பின்கதவு வழியே ஆயுதத்தோடு நுழைபவரைக் காவலர் என்று நம்ப என்ன காரணம் இருக்க முடியும்? அந்தக் கேள்வியை எழுப்பும் வாய்ப்பே மெம்பிஸில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீடு வீடாகப் புகுந்து ஏராளமான கறுப்பினத்தவரைக் கைது செய்தனர்.

சிறையைக் கும்பல் தாக்கக்கூடும் என்று அஞ்சி, டென்னசி ரைபிள்ஸ் என்னும் கறுப்பினத் தன்னார்வப் படையினர் இரண்டு இரவுகள் சிறைவாயிலில் காவல் நின்றனர். அந்த இரண்டு இரவுகளும் எதுவும் நடக்கவில்லை. காயமடைந்தோர் பிழைத்துவிடுவர் என்ற செய்தி வந்தவுடன் ஆபத்து நீங்கியதாக எண்ணி விலகினர். மார்ச் 9 அதிகாலையில் முகமூடி அணிந்த கும்பல் சிறைக்குள் நுழைந்தது. தாமஸ் மோஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரையும் நகருக்கு வடக்கே ரயில் பாதையோரம் கொண்டுசென்று சுட்டுக் கொன்றது. தம் மக்களை மேற்கே போகச் சொல்லுமாறும், இங்கே அவர்களுக்கு நீதி இல்லையென்றும் மோஸ் இறுதியாகச் சொன்னதாக வெள்ளையர் நாளேடுகளே எழுதின. அதாவது எழுதியோர் அருகிலேயே இருந்திருக்கின்றனர். ஆனால் ஒருவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. நீதிமன்றம் ஆணையிட்டது வேறொன்றுக்கு: டென்னசி ரைபிள்ஸ் படையின் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய. நகரில் கறுப்பினத்தவருக்குத் துப்பாக்கி விற்பதும் நிறுத்தப்பட்டது. கடை கொள்ளையடிக்கப்பட்டு, எஞ்சிய சரக்கைக் கடன்காரர்கள் ஏலம் விட, இழுத்து மூடப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி எழுகிறது. அது வெறும் கடைச்சரக்குக் கேள்வியன்று. டென்னசியில் எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கலாம் என்பதைச் சட்டமே பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தது. 1879இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்தும் வகைப் பெரிய கைத்துப்பாக்கிகளைத் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடை செய்தது. படித்தவுடன் நடுநிலையான சட்டம் போலத் தோன்றும். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனால் படைவகைத் துப்பாக்கிகள் விலை மிகுந்தவை. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகப் போரிட்ட வெள்ளையர் பலரிடம் அவை முன்பே இருந்தன. தடை விழுந்தது, கூலியாளும் வாங்கக்கூடிய, குழல்விட்டம் குறைந்த மலிவான சட்டைப்பைத் துப்பாக்கியின் மீது. காலிபர் என்று வழங்கப்படும் குழல்விட்டத்தை வைத்தே ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் பிரித்தெடுத்துவிட முடியும் என்று அந்தச் சட்டமன்றம் கண்டுகொண்டது.

அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1871இல் வழங்கிய ஒரு தீர்ப்பில், குடிமக்கள் வைத்திருக்க உரிமையுள்ள ஆயுதங்களாக ரைபிள், ஷாட்கன், மஸ்கட் போன்றவற்றை வகைப்படுத்தியிருந்தது. நீண்ட குழல் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது தடைக்குள் வரவில்லை. ஐடா கைத்துப்பாக்கியைத் தமக்காக வாங்கினார். ஆனால் தம் மக்களுக்குப் பரிந்துரைத்தது ரைபிளை. அதையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிய அன்று, வீட்டில் வைக்க. சட்டம் கைவைக்கத் தயங்கிய ஒரே இடத்தில் காலூன்றுமாறு அவர் சொன்னதாகவே நான் இதை வாசிக்கிறேன்.

வின்செஸ்டர் என்ற பெயருக்கும் காரணம் உண்டு. 1873ஆம் ஆண்டு வகை வின்செஸ்டர் 0.44 அங்குலக் குழல்விட்டத்தில் வெளிவந்தது. 40 கிரெயின் கருமருந்து, 200 கிரெயின் ஈயக் குண்டு. நம் கணக்கில் இரண்டரை கிராம் மருந்தும் 13 கிராம் ஈயமும். பின்னர் 0.38, 0.32 அளவுகளும் சேர்ந்தன. எருமையையோ கரடியையோ வீழ்த்தும் பெருவேட்டைத் தோட்டா அல்ல இது. தோளில் பலமாக உதைக்காது. பெண்களும் முதியோரும் கையாளலாம். அதே தோட்டாவைச் சில கோல்ட் கைத்துப்பாக்கிகளிலும் போட முடிந்ததால் வீட்டில் ஒருவகைத் தோட்டா இருந்தால் போதும். பித்தளைக் கூட்டை வீசாமல் வைத்திருந்து, வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து மீண்டும் நிரப்பலாம். விற்பனையை மறுக்கும் ஊரில் இது சிறிய வசதியன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, குழலின் கீழுள்ள குழாயில் 15 தோட்டாக்கள் வரை அடங்கும். நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்த குண்டு தயார். கும்பல் என்பது ஒருவன் அல்லன். ஒரே குண்டு சுடும் துப்பாக்கியை வைத்திருப்பவரைச் சூழ்ந்துகொள்ளக் கும்பலுக்கு இரண்டாவது கணம் போதும். வீட்டுக்குள் இருப்பவர் ஒருவர், வெளியே இருப்போர் 75 பேர் என்ற கணக்கைச் சற்றேனும் மாற்றியது அந்தத் தொடர்சுடு பொறிதான்.

ஐடா இந்தக் கணக்கை நூல்களிலிருந்து எடுக்கவில்லை. 1892ஆம் ஆண்டிலேயே புளோரிடாவின் ஜாக்சன்வில்லிலும் கென்டக்கியின் பாதுகாவிலும் கறுப்பினத்தவர் ஆயுதத்தோடு காவல் நின்றதால் கும்பல் படுகொலை தடுக்கப்பட்டதை அவர் சான்றாக எடுத்துக்காட்டினார். மெம்பிஸ் சிறைவாயிலில் காவல் இருந்த இரண்டு இரவுகளையும் காவல் இல்லாத மூன்றாம் இரவையும் அவர் மறந்திருக்க முடியாது.

ஆனால் அவர் எடுத்த முதல் ஆயுதம் அதுவன்று. முதலில் தம் இதழில், மெம்பிஸை விட்டு வெளியேறுங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமாவுக்கும் பிற இடங்களுக்கும் புறப்பட்டனர். டிராமில் ஏறாதீர்கள் என்றார். வருவாய் குறைந்த டிராம் நிறுவனத்தின் அதிகாரிகள் இதழின் அலுவலகத்துக்கே வந்து, மக்களை மீண்டும் ஏறச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டனர். மே மாதத்தில், வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே கொலைகள் நடக்கின்றன என்ற பொய்யை அவர் ஒரு தலையங்கத்தில் உடைத்தபோது, கும்பல் அச்சகத்தை அழித்தது. அவர் அப்போது வெளியூரில் இருந்தார். திரும்பினால் கொலை என்ற எச்சரிக்கை வந்தது. மெம்பிஸ் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

நியூயார்க்கில் இருந்தும் பிறகு சிகாகோவில் இருந்தும் அவர் செய்தது, ஒரு நல்ல புலனாய்வு வழக்கறிஞர் செய்யும் வேலை. கொலை நடந்த ஊர்களுக்குப் போனார், சாட்சிகளிடம் பேசினார். புள்ளிவிவரங்களை வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் நாளேட்டிலிருந்தே எடுத்தார். எதிர்த்தரப்பின் ஆவணத்தைக் கொண்டே எதிர்த்தரப்பை மடக்குவது நம் தொழிலில் எப்போதும் வலுவான முறை. 1892இல் மட்டும் 241 பேர் கும்பலால் கொல்லப்பட்டனர், அவர்களுள் 160 பேர் கறுப்பினத்தவர் என்று 1895இல் வெளியான தம் நூலில் கணக்குக் காட்டினார். பாலியல் வன்முறை என்ற குற்றச்சாட்டே சுமார் மூன்றில் ஒரு பங்கு வழக்குகளில்தான் எழுந்தது என்பதையும் நிறுவினார். மற்றவை கடன் தகராறு, எதிர்த்துப் பேசியது, வியாபாரத்தில் வென்றது போன்றவை.

1893இலும் 1894இலும் அவர் பிரிட்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். முதல் பயணத்துக்கு அழைத்தவர்களுள் ஒருவர் கேத்தரின் இம்பி. அவர் 1888 முதல் நடத்திவந்த இதழின் பெயர் தமிழில் சொன்னால் சாதி எதிர்ப்பு. அமெரிக்க நிறவெறியைக் குறிக்க அவர் சாதி என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டார் என்பதை நம் வாசகர்கள் கவனிக்காமல் போக மாட்டார்கள்.

துப்பாக்கியைப் பற்றிய அவருடைய பரிந்துரை நம் சட்டப் புத்தகத்திலும் ஒரு மூலையில் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளில் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அடையாளம் காணச் சொல்கிறது. அங்கே தேவை எனக் கருதினால் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யவும், சட்டவிரோத ஆயுதங்களைக் கைப்பற்றவும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க அவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கவும் மாநில அரசுக்கு வழி செய்கிறது. இரவுத் தாக்குதலுக்கு உள்ளான ஒரு குடியிருப்பில் இந்த விதியை நான் படித்துக் காட்டியபோது மூதாட்டி ஒருவர் சிரித்தார். துப்பாக்கி வேண்டாம், கூப்பிட்டால் போலீஸ் வந்தால் போதும் என்றார். உரிமம் கிடைத்தாலும் ஆயுதச் சட்டம் குழல்விட்டத்தை வைத்தே கோடு கிழிக்கிறது. காவல்துறைக்குப் பழகிய 0.303 ரைபிள் தடை செய்யப்பட்ட வகை, 0.315 ரைபிளும் 12 போர் துப்பாக்கியும் உரிமத்தோடு பெறக்கூடியவை. அவற்றை வாங்க நிலமற்ற குடும்பத்திடம் பணம் ஏது என்பதை எந்த விதியும் கேட்பதில்லை.

அந்த மூதாட்டி சொன்னதன் நியாயத்தை ஐடாவும் அறிந்திருந்தார். 1898 பிப்ரவரியில் தென் கரோலினாவின் லேக் சிட்டியில், அஞ்சலகத் தலைவராக நியமிக்கப்பட்ட பிரேசியர் பேக்கர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டுக்குக் கும்பல் நள்ளிரவில் தீ வைத்தது. வெளியே ஓடிவந்தோரைச் சுட்டது. அவரும் கைக்குழந்தையும் இறந்தனர். பற்றி எரியும் வீட்டுக்குள் எந்தக் குழல்விட்டமும் உதவாது. ஐடா வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சந்தித்து, நடுவண் அரசின் ஊழியர் கொல்லப்பட்டதால் நடுவண் அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று வாதிட்டார். குடும்பத்துக்கு இழப்பீடு கேட்டு வாரக்கணக்கில் அங்கேயே தங்கினார். 1900இல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் சார்லஸ் என்பவர் தம்மைத் தாக்கிய காவலர்களையும், பின்னர் தம்மைச் சூழ்ந்த கும்பலையும் வின்செஸ்டர் ரைபிளோடு எதிர்த்து நின்று மாண்டார். அதைப் பற்றித் தனி நூலே எழுதிய ஐடா, அவரைக் குற்றவாளி என்று கூற மறுத்தார். ஆனால் அந்த நாட்களில் கும்பலின் கையில் இறந்த அப்பாவிகளின் கணக்கையும் அதே நூலில் எழுதினார்.

1895இல் அவர் சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்திருந்தார். குழந்தைகள் பிறந்தனர். 1909 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள கெய்ரோ ஊரில் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஷெரீஃபின் பிடியிலிருந்து பறித்துக் கும்பல் கொன்றது. என் பார்வையில் ஐடாவின் வாழ்க்கையிலேயே முதன்மையான அத்தியாயம் இதுதான். ரைபிளைப் பற்றிப் பேசுவோர் இதைப் பேசுவதில்லை. 1905இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்த ஷெரீஃப் பதவி இழப்பார். தம்மால் இயன்றது அனைத்தையும் செய்ததாக ஆளுநர் முன் மெய்ப்பித்தால் மட்டுமே பதவியைத் திரும்பப் பெறலாம். ஷெரீஃப் ஃபிராங்க் டேவிஸ் அவ்வாறு விண்ணப்பித்தார். ஆண்கள் யாரும் போக முன்வரவில்லை. கணவர் போகச் சொன்னபோது, தலையிட்டால் குறை சொல்கிறார்கள் என்று ஐடாவும் மறுத்துவிட்டுக் குழந்தையோடு படுத்துக்கொண்டார். 13 வயது மூத்த மகன் அவரை எழுப்பி, நீங்கள் போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று கேட்டான். மறுநாள் புறப்பட்டார்.

கெய்ரோவில் கறுப்பினத்தவர் பலரே ஷெரீஃபுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியிருந்தனர். நமக்குத் தெரிந்த கதைதான். அவர்களைக் கூட்டிப் பேசி, சான்றுகளைத் திரட்டி, தீர்மானத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் ஆளுநர் டெனீன் முன் ஷெரீஃபின் வழக்கறிஞர்களுக்கு எதிரே நின்றார். சட்டம் படித்தவர் அல்லர் அவர். கைதியைக் காக்கப் போதுமான ஆட்களைச் சேர்க்கவில்லை, பாதுகாப்பான சிறைக்குக் கொண்டுசெல்லவில்லை, சட்டம் கேட்பதில் எதையும் ஷெரீஃப் செய்யவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆளுநர் ஷெரீஃபுக்குப் பதவியைத் திருப்பித் தரவில்லை. நம் சட்டத்தின் பிரிவு 4, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியருக்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. அந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கோரும் ஒவ்வொரு மனுவையும் எழுதும்போது கெய்ரோவை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1919 செப்டம்பர் 30 இரவு, ஆர்கன்சாவின் ஈலேன் அருகே ஹூப் ஸ்பர் தேவாலயத்தில், பருத்திக்கு உரிய விலை கேட்டுச் சங்கம் அமைத்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் கூடியிருந்தனர். மெம்பிஸ் கடைக்காரர்களைப் போலவே அவர்களும் வாயிலில் துப்பாக்கியோடு காவல் வைத்திருந்தனர். வெளியே வந்து நின்ற காருக்கும் தேவாலயத்துக்கும் இடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நாட்களில் ஆயுதக் கும்பல்களும், இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்த 500க்கும் மேற்பட்ட படைவீரர்களும் அப்பகுதியைச் சூறையாடினர். வெள்ளையர் ஐவர் இறந்தனர். கறுப்பினத்தவர் நூற்றுக்கும் மேல் இறந்ததாக ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, நிமிடக்கணக்கில் முடிந்த விசாரணைகளில் 12 விவசாயிகளுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது.

மெம்பிஸிலிருந்து விரட்டப்பட்டு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகு, 57 வயதில், ஐடா தெற்கே போனார். கைதிகளின் மனைவியரோடும் தாயாரோடும் சேர்ந்து, செயின்ட் லூயிஸிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் என்று சொல்லிக்கொண்டு சிறைக்குள் நுழைந்தார். கைதிகள் மரணத்தையும் மறுமையையும் பற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். சாவைப் பற்றிப் பாடுவதை விடுங்கள், விடுதலைக்காக வேண்டுங்கள் என்று அவர்களிடம் தணிந்த குரலில் சொன்னார். ஒவ்வொருவரிடமும் எத்தனை ஏக்கர் பயிர், எத்தனை மூட்டைப் பருத்தி, எவ்வளவு கால்நடை இருந்தன, அவை யாரிடம் போயின என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1920இல் அதை நூலாக வெளியிட்டார். 1923இல் மூர் எதிர் டெம்ப்சி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கும்பலின் அச்சுறுத்தலுக்கு உட்பட்ட விசாரணை விசாரணையே அன்று என்ற கொள்கையை ஏற்றது. 1925க்குள் பன்னிருவரும் விடுதலையாயினர். 1931 மார்ச் 25 அன்று சிகாகோவில் இறப்பதற்கு முன் ஐடா எழுதிவைத்த வாழ்க்கை வரலாற்றில், அந்தப் பன்னிருவருள் ஒருவர் தம் வீடு தேடி வந்ததைக் குறிப்பிடுகிறார். அன்று சிறையில் அவர் சொன்னதற்குப் பிறகு தாங்கள் சாவைப் பற்றிப் பாடவேயில்லை என்று வந்தவர் அவருடைய குடும்பத்தாரிடம் சொன்னார்.